ஆமை வாத்தியாரும் புது மென்பொருளும்

காட்டுப் பல்கலைக்கழகத்தில் பாடம், பரீட்சை எல்லாம் இனிமேல் கணினியில்தான் என்று ஆகிப்போச்சு. எந்த மென்பொருள் வாங்கலாம் என்று துணைவேந்தர் யானை கூட்டம் போட்டது. விற்க வந்த மயில் தோகையை விரித்து, "பத்து நிமிஷம் யாரும் தொடலேன்னா தானாவே மூடிக்கும் ஐயா. அவ்வளவு பாதுகாப்பு!" என்றது.

ஆமை வாத்தியார் ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. "ஐயா, ஒரு எழுத்து அடிச்சு அடுத்த எழுத்துக்குப் போகவே எனக்குக் கால்மணி நேரம் ஆகுமே! முப்பது வருஷப் பாடத்தை எப்படி ஏத்துவேன்?"

"பயப்படாதீங்க வாத்தியாரே, பயிற்சி தருவாங்க" என்று சொல்லிக்கொண்டே யானை கையெழுத்துப் போட்டுவிட்டது.

ஆமைக்குப் போன உயிர் திரும்பியது. "பயிற்சி எங்கே தம்பி?"

"இதுக்குள்ளேயேதான் இருக்கு" என்றது மயில். "உங்க முழுப்பேரை அடிச்சா உள்ளே போயிடலாம்."

ஆமை முதல் எழுத்தைத் தேட ஆரம்பித்தது.