ஒரு விநாடி முந்திய சிப்

ஒரே ஒரு ஊரில், ஒரே ஒரு கம்ப்யூட்டர் கடையில், ஒரே ஒரு மேசை மேல், மின்னல் என்று ஒரு கம்ப்யூட்டர் சிப் இருந்ததாம். அதன் தலைமேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்க ஒரு சின்ன விசிறியும் இருந்ததாம்.

பக்கத்திலேயே, எதிர்க் கம்பெனி செய்த சூறை என்கிற சிப், தன் விசிறியோடு இருந்தது. இரண்டுக்கும் கடைக்காரர் ஒரே கணக்கைக் கொடுத்தார். ஜெயிக்கிற சிப்புக்குத்தான் கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில் இடம். சூறை நாற்பது விநாடியில் முடித்தது. மின்னலுக்கு நாற்பத்தொன்று ஆனது.

“கொஞ்சம் கரண்டைக் கூட்டிப் பாப்போம்,” என்றார் கடைக்காரர்.

மின்னலின் விசிறிக்குத்தான் முதலில் சுட்டது. “வேணாம்டா தம்பி, உடம்பு கொதிக்குது. என்னால இதுக்கு மேல சுத்த முடியாது.”

“நீ சுத்துண்ணே. அவன் இளிக்கிறதைப் பாரு.”

சூறை இளிக்கத்தான் செய்தது. “என்னப்பா, இதுக்கே மூச்சு வாங்குதா?”

விசிறி தன்னால் ஆனமட்டும் சுற்றியது. மின்னல் முப்பத்தொன்பதில் முடித்தது.

“பாத்தியாண்ணே!” என்றது. அதற்கப்புறம் அது பேசவில்லை. லேசாகப் புகை மட்டும் வந்தது.

“முப்பத்தொன்பதா!” என்றார் கடைக்காரர். கருகிய சிப்பைக் குப்பைக் கூடையில் போட்டார். “அப்போ சூறைக்கு ரெண்டு விசிறி வெச்சா முப்பத்தெட்டே வரும்.” விசிறியைத் துடைத்து, சூறையின் பக்கத்தில் பொருத்தினார்.

சூறை இப்போது இளிக்கவில்லை. “அண்ணே, கடைசியில அவனுக்கு ரொம்பச் சுட்டுதா?” என்று மெதுவாகக் கேட்டது.

விசிறி வாய் திறப்பதற்குள் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கரண்டைக் கூட்டி வைத்துவிட்டு, கடைக்காரர் டீ குடிக்கப் போனார்.