இத்தாலிக் கடைச் சாப்பாடு

“மாமாவுக்குக் கை நடுங்கும்னு உனக்குத் தெரியும்லா? தெரிஞ்சுமா இங்கன கூட்டியாந்தே?”

சுந்தரபாய் மருமகள் இன்பத்தின் காதருகே சீறினாள்.

பம்பாயில் அது ஒரு இத்தாலிச் சாப்பாட்டுக் கடை. மேஜைக்கு மேஜை குடும்பம் குடும்பமாக ஜனம். தட்டில் சேமியா மாதிரி ஒன்று வந்திருந்தது. ஒவ்வொரு இழையும் முழ நீளம், மேலே தக்காளிக் குழம்பு. எடுத்துத் தின்ன ஒரு முள்கரண்டி.

எதிரே அவள் புருஷன் அருமைநாயகம் கையை மடிக்குள் வைத்துக்கொண்டு தட்டையே பார்த்தபடி இருந்தார்.

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டிய கை. இப்போது ஓயாத நடுக்கம். சோறு வாய்க்குப் போகுமுன் பாதி சட்டையில் கிடக்கும். ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ சிரித்ததிலிருந்து அவர் வெளியே எங்கும் கை நனைப்பதில்லை. வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பாடு.

வைத்தியத்துக்காக மகன் வீட்டுக்கு வந்த இடத்தில், அவன் டூட்டிக்குப் போன நேரம் பார்த்து இவள் இப்படிப் பண்ணிவிட்டாளே. வீட்டில் ரெண்டு இட்லி அவிக்க வலிக்கிறதா? வாசுதேவநல்லூரில் பார்த்துப் பார்த்து எடுத்த பெண்.

இன்பம் மாமனார் கழுத்தில் கடையில் கொடுத்த வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டாள்.

“சாப்பிடுங்க மாமா.”

அவர் தயங்கித் தயங்கிக் கரண்டியைத் தூக்கினார். பாதி வழியிலேயே எல்லாம் வழுக்கி மார்பில் விழுந்தது.

“எந்திரிங்க. வீட்டுக்குப் போவோம்.” சுந்தரபாய் எழுந்தேவிட்டாள்.

அருமைநாயகம் எழவில்லை. பக்கத்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே டை கட்டிய பெரிய மனுஷர் ஒருவர். அவர் கழுத்திலும் அதே துணி, துணியெல்லாம் தக்காளிச் சிவப்பு. வாயிலிருந்து ஒரு இழை மோவாய்க்குக் கீழே தொங்க, பெண்டாட்டி பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அருமைநாயகத்தின் துணியைப் பார்த்து, உங்களுக்குமா என்பதுபோலத் தலையாட்டினார்.

அருமைநாயகத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடி கரண்டியை எடுத்தார். விழுந்தது விழ, மிச்சம் வாய்க்குப் போனது. தட்டு காலியானதும் நிமிர்ந்தார்.

“இன்னும் கொஞ்சம் கிடைக்குமா மக்கா?”

நாலு பேர் நடுவில் அவர் சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று. சுந்தரபாய் மெதுவாக உட்கார்ந்தாள்.

“கோவிச்சுக்கிடாதீங்க அத்தை.” இன்பம் தணிந்த குரலில் சொன்னாள். “ஒவ்வொரு கடையா ஏறி எறங்கிப் பாத்துட்டுத்தான் இங்கன கூட்டியாந்தேன். இங்கன ஒருத்தருக்கும் சிந்தாமச் சாப்பிடத் தெரியாது.”