முதலிடத்தில் ஒரு சிரிப்பு

"முதலிடமும் வேண்டாம், பத்தாவது இடமும் வேண்டாம். அந்தப் படத்தையே தூக்கிடுங்க."

சொல்லிவிட்டு, மேசைமேல் பரப்பியிருந்த புகைப்படங்களில் ஒன்றைக் குப்புறக் கவிழ்த்தாள் பழைய நடிகை. விமர்சகருக்குச் சுருக்கென்றது. அவளுடைய படம்தான் அது. அடுத்த இதழின் அட்டைக்கென்று அவர் பொறுக்கி வைத்தது.

இயக்குநருக்கு எழுபத்தைந்து வயது நிறைகிறது. சிரிப்புப் படம், பேய்ப் படம், கோர்ட் படம் என்று மனிதர் கை வைக்காத வகையில்லை. அவருடைய சிறந்த பத்துப் படங்களை வரிசைப்படுத்தும் வேலையை விமர்சகரிடம் விட்டிருந்தது பத்திரிகை. முதலிடத்துக்கு அவர் வைத்திருந்த சுரங்கப் படத்தைப் பற்றி அதன் கதாநாயகி நாலு வரி சொன்னால் பக்கம் முடிந்துவிடும். அவளோ இப்படி நிற்கிறாள்.

"என்னம்மா இது? சுரங்கப் படம் இல்லாம ஒரு வரிசையா? ஊரே என்னைப் பார்த்து சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அந்தப் படத்துக்கு சிரிப்புதானே அழகுன்னு எழுதியிருக்கீங்க."

பழைய கடுப்பு இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டார் விமர்சகர். அந்தப் படப்பிடிப்பில் இவள் லீவு கேட்டதும், இயக்குநர் மறுத்ததும், படம் முடிந்த கையோடு இவள் சினிமாவுக்கே முழுக்குப் போட்டதும் அந்தக் காலத்துக் கிசுகிசு.

கூட வந்திருந்த பத்திரிகையின் உதவி ஆசிரியை பேச்சை மாற்றப் பார்த்தாள். "மேடம், டைரக்டர் ஷாட்டுக்கு முன்னாடி காதுல ஏதாவது பொய் சொல்லி அழ வெப்பாராமே, நிஜமா?"

"நிஜம்தான். கோர்ட் படத்துல, 'உன் வீடு பத்திக்கிச்சு'ன்னார். பேய்ப் படத்துல, 'உங்க அண்ணனைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடுச்சு'ன்னார். ரெண்டு தடவையும் நம்பி, கதறி அழுதேன். ஷாட் முடிஞ்சதும் யூனிட்டே கைதட்டி சிரிச்சுது."

விமர்சகருக்கும் சிரிப்பு வந்தது. "மேதைங்க அப்படித்தாம்மா. ஆனா சுரங்கப் படத்துல பாருங்க, புருஷன் மண்ணுக்குள்ள புதைஞ்சிட்டான்னு வாசல்ல வந்து சொல்றாங்க. அவ அழல, சிரிக்கிறா! துக்கத்தோட உச்சம் அதுன்னு ஒரு புத்தகமே போட்டிருக்கேன்."

"படிச்சேன்."

"அழுகை சீனை சிரிப்பா மாத்தணும்னா அவர் ஒருத்தராலதான் முடியும்."

"அவர் மாத்தல. அவருக்கு அழுகைதான் வேணும். நான்தான் சிரிச்சேன்."

விமர்சகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் யாருக்கும் தெரியாத சங்கதி! அவசரமாகப் பேனாவைத் திறந்தார். "அடேயப்பா! அப்போ முதலிடத்துல உங்களுக்கும் பங்கு இருக்கே! சொல்லுங்கம்மா, எப்படித் தோணிச்சு?"

நடிகை கவிழ்த்த படத்தை மெல்லத் திருப்பினாள். கண் சுருங்க, வாய் கொள்ளாத சிரிப்பு. 'என்கிட்டயேவா' என்று யாரையோ கேலி செய்கிற சிரிப்பு.

"கேமராவை ஓடவிடறதுக்கு முன்னாடி பக்கத்துல வந்தார். 'உன் பையன் போயிட்டாம்மா, ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு'ன்னு காதுல சொன்னார். போங்க சார், மூணாவது தடவையும் நான் ஏமாறணுமான்னு நெனச்சேன். சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துடுச்சு."

பேனா ஓடிக்கொண்டிருந்தது. "பிரமாதம்! அப்புறம்?"

"அன்னிக்கு மட்டும் அவர் பொய் சொல்லல."