நின்று நின்று போகும் கார்

"உங்க கம்ப்யூட்டர் மூளையில எட்டு கோர் இருக்குது பாய். ஆனா உங்க பழைய விண்டோஸ், எல்லா வேலையையும் ஒண்ணு தலையிலயே கட்டுது. எட்டுத் தறி இருக்கிற வீட்ல ஒருத்தனே நெய்யுற மாதிரி. அதான் ரேஸ்ல கார் நின்னு நின்னு போவுது" என்றான் கம்ப்யூட்டர் மெக்கானிக் ராமராஜன்.

ஹயாத் பாஷா களைப்போடு தலையசைத்தார். பன்னிரண்டு வருடமாகப் பேச்சு அறுந்துபோன தம்பி தப்ரேஸிடம், குடும்பத்துக்கே மூத்தவரான அவர் ஆன்லைன் கார் ரேஸ் விளையாட்டில் தினமும் தோற்றுக்கொண்டிருந்தார்.

"புது விண்டோஸ் போட்டா நீங்கதான் ஃபர்ஸ்ட்டு. போட்டுடவா?"

"வேணாம்பா."

"தம்பிகிட்ட தோத்துக்கினே இருப்பீங்களா?"

பாஷா விறைப்பாக நிமிர்ந்தார்.

"நானாப் போய் அவன்கிட்ட பேசமாட்டேன். என் கார் நின்னாத்தான், 'பாய்ஜான், இருக்கீங்களா?'ன்னு அவன் ஸ்க்ரீன்ல எழுதிக் கேக்குறான்."