துக்கத்துக்கு வந்த கேக்

விடிந்ததிலிருந்து மூன்றாவது முறையாக வாசல் மணி அடித்தது. எமிர் கதவைத் திறந்தான். பக்கத்து வீட்டு ஒல்வென், திராட்சை கேக்கோடு நின்றாள்.

"மனசே ஆறல எமிர். இருபது வருஷமாப் பார்த்த முகம். இப்படியா ஆத்துப் பாலத்துலேர்ந்து விழுந்து சாகணும்?"

"நம்ம கையிலயா இருக்குக்கா?" என்றபடி எமிர் ஒரு துண்டை வெட்டினான்.

"உனக்கு எப்படிடா தொண்டையில இறங்குது?"

"வெண்ணெய் தடவினா இறங்கிடும்க்கா."

மாடியிலிருந்து எரிச்சலாக ஒரு குரல் வந்தது. "எனக்கும் ஒரு துண்டு வை. எல்லாத்தையும் நீயே முழுங்காத."

செத்துப்போனவள் இறங்கி வந்தாள். எமிரின் மனைவி எலெரி, நடிகை. அவள் நடித்த வெல்ஷ் மொழி டிவி தொடரில், நேற்றிரவு அவளைக் கொன்றுவிட்டார்கள். இருபது வருட வேலையும் அதோடு போயிற்று.

ஒல்வென் அவளைக் கட்டிக்கொண்டாள். "கலங்காதடி. நம்ம சேப்பல் நாடகத்துல உனக்கு ஒரு வேஷம் வச்சிருக்கோம்."

எலெரியின் முகம் மலர்ந்தது. "என்ன வேஷம்?"

"பிணம். நேத்து ஆத்தங்கரையில மூச்சே விடாம எவ்வளவு அழகாக் கிடந்த."

"பிணத்துக்கு நான்தான் கிடைச்சேனா?"

"போன வருஷம் உன் புருஷனைத்தான் படுக்க வச்சோம். குறட்டை விட்டுட்டான்."