எட்டு நூல்

உத்தரத்துச் சிலந்தி ஒரே ஒரு வலைப்பூ எழுதிய காலத்தில், பல்லி தினமும் வந்து படிக்கும். கொசுச் சமையலை அவ்வளவு ருசியாக எழுத வேறு ஆளில்லை.

எட்டு வலைப்பூ இருந்தால் விளம்பரக் காசும் எட்டு மடங்கு வருமே என்று சிலந்திக்குத் தோன்றியது. ராசிபலன், வீட்டு வைத்தியம், செல்போன் விமர்சனம் என்று வரிசையாகத் தொடங்கியது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நூலை இழுத்து ஒவ்வொரு காலில் கட்டிக்கொண்டது. யாராவது படிக்க வந்தால் நூல் ஆடும்.

அதன்பின் எழுத உட்கார்ந்தாலே ஏதோ ஒரு நூல் ஆடியதுபோல் இருக்கும். போட்டது போட்டபடி ஓடும். சாப்பாடும் இறங்கவில்லை.

ஒருநாள் பல்லி கேட்டது: "என்னக்கா, கொசு ரசம் பாதியிலயே நிக்குது. மிச்சம் எப்ப எழுதுவீங்க?"

"நீ வேற! எட்டு நூலும் ஒண்ணா ஆடுது பாரு, அவ்வளவு கூட்டம். எதைன்னு கவனிப்பேன்? எனக்குப் படபடன்னு வருது."

பல்லி உற்றுப் பார்த்தது. "அக்கா, அங்க யாரும் வரல. உங்க காலு நடுங்குது, அதுல நூல் ஆடுது."

சிலந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு கால்களை இறுக்கி வைத்தது. எட்டு நூலும் நின்றுபோயின.

அந்த அமைதியைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பார்த்தது. பிறகு, பல்லிக்குத் தெரியாமல் ஒரு காலை மெல்ல ஆட்டியது.