அரசி வரைந்த ஆற்றங்கரை

கோடைக்குக் கிராமத்து மாளிகைக்கு வந்த அரசி, குடும்பத்தில் அன்றன்று நடப்பதை நாட்குறிப்பில் படமாக வரைந்துவைப்பாள். ஒருநாள் அவள் வளர்த்த செவலை நாய் அதை எட்டிப் பார்த்தது. படத்தில், ஆற்றங்கரையில் அரசர் தூண்டில் போட்டிருந்தார். பக்கத்தில் செவலை படுத்திருக்க, அதன் முதுகில் கைவைத்து இளவரசன் உட்கார்ந்திருந்தான்.

செவலைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆற்றுக்கு ஓடி மணலெல்லாம் மோந்து பார்த்தது. இளவரசனின் வாசனையே இல்லை.

திரும்பி வந்து கூண்டுக் கிளியிடம் கேட்டது: "அக்கா, சின்னவர் எப்போது வந்தார்?"

"போருக்குப் போனவர் இன்னும் வரவில்லையே."

"படத்தில் என்னைத் தொட்டுக்கொண்டு இருக்கிறாரே. நான் தூங்கிவிட்டேனா?"



மறுநாள் ஆற்றங்கரையில் அரசி தூரிகையை எடுத்தாள். செவலை ஒன்றும் விளங்காமலே சற்றுத் தள்ளிப் படுத்து, ஓர் ஆள் உட்கார இடம் விட்டது.